முதுகில் எழுதிய பேர்

ஜனவரி 5, திங்கள்

காலையிலேயே வெக்கை. மட்டாஞ்சேரியிலிருந்து கலூர் காலேஜ் வரை கொச்சி பஸ்ஸில் நின்றபடியே.

டூர் முடிவாயிற்று: மதுரை. காரணம் நான்தான். மொத்த வகுப்பும் ஊட்டி என்றது. வேறு யோசனை உண்டா என்று சார் கேட்டதும் எழுந்து கோயில், மகால், பரோட்டா என்று அடித்துவிட்டேன். ஐந்து வயதில் போனது. ஒன்றும் ஞாபகமில்லை.

உண்மைக் காரணம் யாருக்கும் சொல்லவில்லை. இங்கே நான் தமிழத்தி. மதுரைச் சொந்தக்காரர்களுக்கு மலையாளத்துப் பொண்ணு. சொந்தக்காரர் யாரும் கூட இல்லாமல் அந்த ஊரில் மூன்று நாள் நடக்க வேண்டும். நான் எந்த ஊர்க்காரி என்று எனக்கே தெரிய வேண்டும்.

பக்கத்து இருக்கைத் தோழி திவ்யா (இனி தி.) கட்டிப்பிடித்தாள். உன் நாடாச்சே, நீதான் வழிகாட்டணும் என்றாள். தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம், அவள் படிக்க முடியாது.

ஜனவரி 7, புதன்

அம்மா நான் கேட்காமலே சுடிதார் தைத்து வாங்கி வந்தாள். பச்சை, ஜரிகை வைத்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அடுக்களையில் அம்மா போனில், மதுரை மாமியோடு. மாமி அத்தாவின் அக்கா, அம்மாவுக்கு நாத்தனார்.

"டூர் பிள்ளைங்க மொத நாளு பதினோரு மணிக்குத்தான் மகாலுக்கு வர்றாங்க, மதினி. அவளுக்குத் தெரிய வேணாம். சும்மா பாத்துட்டுப் போகட்டும்."

மாமியின் கொழுந்தன் மகன், துபாயில் வேலை. அவன் அம்மாவும் அக்காவும் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். டூர் விவரத்தை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய புத்திசாலியும் நானே.

கேட்டேன். பார்த்தால் என்ன, தேய்ந்தா போவாய் என்றாள் அம்மா. அத்தாவிடம் போனேன். பெரியவங்க பேசிக்கிறாங்கம்மா என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

ஊட்டிக்கே போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வகுப்பு என்னை அடிக்காத குறை. பஸ், லாட்ஜ் எல்லாம் பேசியாயிற்று.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? படுத்தால் மாப்பிள்ளை வீட்டார் இங்கேயே வருவார்கள்.

அம்மா பாடம் நடத்துகிறாள். சாயா இல்லை, டீ. சேட்டன் இல்லை, அண்ணன். இழுத்துப் பேசாதே, மலையாளத்துப் பொண்ணு என்று ஒதுக்கிவிடுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் வேறு எப்படிப் பேசுவேன்? கேட்கவில்லை. டீ, அண்ணன் என்று திருப்பிச் சொன்னேன்.

வாங்க: சோப்பு, ஹேர்பின், வாந்தி மாத்திரை.

ஜனவரி 11, ஞாயிறு

தி. டூர் பனியன் கொண்டுவந்தாள். எல்லா வகுப்பும் டூருக்கு அச்சடித்துப் போடும் டீ-ஷர்ட்தான். மஞ்சள், முதுகில் ஆளுக்கொரு பட்டப்பேர், மலையாள எழுத்தில். மதுரையில் முதல் நாள் எல்லாரும் இதைத்தான் போட வேண்டும். அவளுக்குத் 'தக்காளி'. எனக்குப் 'பாண்டி'. தமிழ்க்காரர்களை இங்கே மட்டமாகக் கூப்பிடும் பேர்.

"சும்மா தமாசல்லே, மோளே," என்றாள் தி.

விளையாட்டுத்தானாம். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? அவள் போனதும் குளியலறையில் அழுதேன். பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டு.

பச்சைச் சுடிதார், மஞ்சள் பனியன். இரண்டையும் நான் கேட்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

லேசாகப் பனி. பஸ் சாயங்காலம்.

அம்மா என் பையைப் பிரித்து அடுக்கினாள். பனியன் அகப்பட்டது. மகாலுக்கு எல்லாரும் இதைத்தான் போட வேண்டும், சுடிதார் முடியாது என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். திருப்பி முதுகைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்து இத்தனை வருடமாகியும் அம்மாவுக்கு மலையாளம் படிக்க வராது.

"என்ன எழுதிருக்கு?"

"என் பேரு."

முகம் மலர்ந்துவிட்டது. மாமிக்கு முழங்கால் வலி, அவர்களோடு மகாலுக்கு வரவில்லையாம். போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பார்களோ என்று கவலையாக இருந்தது, நல்லதாகப் போயிற்று என்றாள். பனியனைக் கட்டிலில் விரித்து, சுருக்கம் நீவி, போனில் படம் எடுத்து மாமிக்கு அனுப்பினாள். கூடவே குரல் பதிவு.

"இந்த எழுத்த நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க, மதினி. இது யாரு முதுகுல இருக்கோ, அவதான் நம்ம பொண்ணு."