படியாத வெல்வெட்டு

கொடைக்கானல்,
18.11.2024, திங்கள், காலை 6.20

அன்புள்ள தாரணிக்கு,

பெட்டிக்குள் மொத்தம் பதினொரு குழிகள். ஒன்பது தேய்ந்தவை, இரண்டு தேயாதவை. எந்தப் பெட்டி என்று கேட்பாய். வரிசையாகச் சொல்கிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுத வேண்டியிருக்கிறது. ஆரஞ்சு லோடோடு வந்த உன் தம்பி செல்வமுருகன் எட்டு மணிக்கு ஊருக்குக் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்காமல் வைத்துவிடாதே.

நலம் என்று எழுதுவது வழக்கம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. கால் மரத்துப்போனால் கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவது போல் குத்தும், பிறகு சரியாகிவிடும். இது குத்தவே மாட்டேன் என்கிறது.

கேஸ் தீர்ந்தது, மாற்றிவிட்டேன். மோட்டாரில் கெப்பாசிட்டர் போயிருந்தது, அதையும் மாற்றியாயிற்று. மாடி வீட்டு புவனா அக்கா பூண்டியிலிருந்து வந்த காரட் கொடுத்தார். 'தாரணி எப்ப வருது தம்பி?' என்று கேட்டார். சோலி கிடக்குதுக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரட் அப்படியே இருக்கிறது.

நேற்று செல்வமுருகன் ஒன்று சொன்னான். 'அம்மா தெனமும் வத்தலக்குண்டுல இருந்து ரெண்டு முழம் மல்லிப்பூ வாங்கியாரச் சொல்லுது மச்சான். யாரும் தலைக்கு வெக்கிறதில்ல, சாமிக்கும் போடறதில்ல. எங்கதான் போகுதுன்னே தெரியல' என்றான். எனக்குத் தெரியும். பால் வற்றுவதற்கு நெஞ்சில் வைத்துக் கட்டுவது. அவனிடம் சொல்லவில்லை. வலி குறைந்திருக்கிறதா? காய்ச்சல் அடித்தால் பூவை நம்பிக்கொண்டு இருக்காதே, வெரசா டாக்டரிடம் போ.

இனி பெட்டி. ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவை விடுதியாக மாற்றுகிறார்கள். வயரிங் முழுக்க என் வேலை. வேலங்குளம் ஜமீன் வீட்டு மாணிக்கவல்லி நாச்சியார் சாகும்வரை அங்கேதான் இருந்திருக்கிறார். அவருடைய நகைப்பெட்டி ஸ்டோர் ரூமில் கிடந்தது. ஈட்டி மரம், மூலைக்கு மூலை பித்தளை, உள்ளே சிவப்பு வெல்வெட்டு. நகை ஒன்றுகூட இல்லை. பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே எல்.இ.டி. லைட் போட்டு, ரிசப்ஷனில் வைக்க வேண்டும் என்றார் சூப்பர்வைசர். வயர் போக ஒரு துளை போட வேண்டும். பத்து நிமிட வேலை.

வாட்ச்மேன் செல்லப்பாண்டி அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'பொட்டிக்குள்ள லைட்டா? அந்தம்மா இருந்தப்ப இம்புட்டுப் பெரிய வீட்டுக்கே ஒத்தக் குண்டு பல்புதான் எரியும். கரண்டு பில்லுன்னா அம்புட்டுப் பயம். ஜமீனாம் ஜமீனு!' என்றார். அவருடைய அம்மா அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்தவராம். நாச்சியார் நகைகளை ஒவ்வொன்றாக விற்றுத்தான் காலத்தை ஓட்டினார் என்று அண்ணன் மூலமாகத் தெரிந்தது.

ஒவ்வொரு நகைக்கும் அதன் வடிவத்திலேயே குழி வெட்டியிருக்கிறது. ஒட்டியாணத்துக்கு வளைந்த குழி, தோட்டுக்குக் குட்டிக் குழி. எல்லாவற்றிலும் வெல்வெட்டு நசுங்கி, வழுவழுவென்று கறுத்திருந்தது. ஓரத்தில் இருந்த இரண்டு வட்டக் குழிகளில் மட்டும் வெல்வெட்டு படியாமல் அப்படியே நின்றது. தொட்டால் நேற்று ஒட்டியது போல் இருந்தது. துளை போட நான் பென்சிலால் குறித்த இடம் அதுதான். மோதிரத்துக்குப் பெரிது, வளையலுக்குச் சின்னது. வெர்னியர் வைத்து அளந்தேன். 44 மில்லிமீட்டர்.

செல்லப்பாண்டி அண்ணனிடம் கேட்டேன். 'அந்தம்மாவுக்கு ஏது புள்ள குட்டி? இந்தப் பொட்டியத்தான் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரியும்னு எங்காத்தா சொல்லும். ஆசாரி அளவு தப்பா வெட்டிப்புட்டான் போல, விடுங்க லைட்டுக்காரரே' என்றார்.

அளவு தப்பவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவில் இருந்த ஜோடி வெள்ளிக் காப்பை எடுத்து அளந்தேன். 43.

ஏழாம் மாதம் பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு அடிவாரத்தில் இதை வாங்கினேன். பிறப்பதற்கு முன்னால் ஒன்றும் வாங்கக் கூடாது என்று அத்தை தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. நம் பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததற்கும் காப்புக்கும் சம்பந்தம் இல்லை. கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். காரணம் அதுதான், எத்தனை முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறும்போது நீ, 'அந்தக் காப்பு வீட்டுல இருக்கிற வரைக்கும் நான் வர மாட்டேங்க, கடையிலயே குடுத்துருங்க' என்றாய். இரண்டு முறை பழனிக்குப் போனேன். இரண்டு முறையும் கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அத்தை பேச்சைக் கேட்டு நாம் சட்டை வாங்கவில்லை, தொட்டில் வாங்கவில்லை, பேர்கூடப் பார்த்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் கையில் கொடுத்தபோது இரண்டு கிலோ அறுநூறு. அவளுக்கென்று இருப்பது இந்த ஜோடிக் காப்பு மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டால், அவள் வந்ததற்கு வீட்டில் ஒன்றும் இருக்காது. இதைத்தான் உன்னிடம் சொல்ல வராமல் அன்றைக்கு பஸ் டைமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அளந்து பார்த்த மறுநாள் காப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் குழிகளில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தன. எடுத்த பிறகு வெல்வெட்டில் லேசாக இரண்டு வட்டங்கள் விழுந்திருந்தன. விரலால் நீவிவிட்டேன். முழுதாகப் போகவில்லை.

நாச்சியாருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்பது குழிகளையும் காலி செய்தவர் பெட்டியை மட்டும் விற்கவில்லை. அவ்வளவுதான் தெரியும். அதை நினைத்து எனக்கு ஆறுதலும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அந்த இரண்டு குழிகளின் பக்கம் வயர் கொண்டுபோனால் சூடேறி மரம் தீப்பிடிக்கும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். பொய். பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்றும் ஆகாது. 'நீங்கதான் படிச்சவரு, பாத்துச் செய்யுங்க' என்று போய்விட்டார்.

செல்வமுருகன் வாசலில் ஹார்ன் அடிக்கிறான். இனி நான் செய்யப்போவது இவைதான்:

1. இன்றைக்குப் பின்பலகையில், கீலுக்குப் பக்கத்தில் துளை போட்டு வேலையை முடிப்பேன். அந்த இரண்டு குழிகளின் மேல் வெளிச்சம் விழாதபடி லைட்டைத் திருப்பி வைப்பேன்.

2. காப்பைக் கடையில் கொடுக்க மாட்டேன். வீட்டிலும் வைக்க மாட்டேன். இப்போதைக்கு என் டூல்ஸ் பையில் இருக்கும்.

3. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி, வத்தலக்குண்டில் இறங்கி, பெரும்பாறைக்கு வருவேன். அத்தை திட்டினால் கேட்டுக்கொள்வேன். டாக்டர் சொன்னதை எடுத்துப் பேச மாட்டேன்.

4. காப்பை உன் கையில் கொடுப்பேன். தொட்டுப் பார்த்துவிட்டு நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்வேன். கடைக்கு என்றால் கடைக்கு.

5. வத்தலக்குண்டில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வருவேன். கட்டத் தேவைப்பட்டால் கட்டிக்கொள். தேவைப்படவில்லை என்றால், தலையில் வைத்துக்கொள் தாரணி.

கந்தவேல்