தம்பி ஏன் இடம் மாறினான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே அப்பாவுக்கு இருமல் விட்டது, என் முழங்கால் வழக்கம்போல முனகுகிறது, மற்றபடி சுகம்.

தம்பி விஷயம் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பட்டறைச் சண்டையில் அவனைப் போலீஸ் பிடித்துப்போன அன்றே, ஜெயிலில் சாதியைக் கேட்டு நம் ஆட்கள் இருக்கிற கட்டடத்தில் போட்டார்கள் இல்லையா, அப்போது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அங்கே மீசைக்காரர் என்று ஒருவர், எல்லாருக்கும் அண்ணன். தம்பிக்கு ஜன்னலோரம் படுக்க இடம், சோப்பு, கூட ஒரு கரண்டி குழம்பு என்று கவனித்துக்கொண்டார். அவரைத் தனக்குத் தெரியும் என்று உன் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பகலில் தையல் கூடத்தில் வேலை. அடுத்த மிஷினில் ஒரு டெய்லர் பையன், இவன் வயதுதான், வேறு சாதி, எதிர்க் கட்டடம். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் வார்டரே ஒருநாள் மிஷினைத் தள்ளிப் போட்டாராம். மீசைக்காரருக்கு அது ஆகவில்லை, அவனோடு பேசாதே என்றிருக்கிறார். பிறகு குளிக்கிற தொட்டியில் யார் முதலில் என்று இரண்டு கட்டடத்துக்கும் தகராறு வந்ததும், மீசைக்காரர் அந்த டெய்லரைச் சொல்லி, "நீதான் அவன் பக்கத்துல உக்கார்ற, நீயே அடி" என்றாராம். தம்பி, "அவன் என்னண்ணே பண்ணான்? என்னால முடியாது" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே இவனை அடித்து, பாயைத் தூக்கிக் கக்கூஸ் பக்கம் எறிந்துவிட்டார்கள். அதன்பிறகு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இடம் மாற்றுங்கள் என்று இவனே கேட்டதற்கு அதிகாரி, "சொந்த ஆளுங்களோடவே ஒத்துப்போக முடியலன்னா உன்ன எங்கடா போடறது?" என்று சலித்துக்கொண்டு, கடைசியில் நோயாளிகள் இருக்கிற பக்கம் அனுப்பியிருக்கிறார்.

நான் பார்க்கப் போனபோது உதடு வீங்கியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கோபமாம்மா?" என்றான். "போடா பைத்தியம், சாப்டியா?" என்றேன். வேறு என்ன கேட்பேன்.

வெளியே வந்தால் அந்த டெய்லர் பையனின் மனைவி, இடுப்பில் பெண் குழந்தையோடு, என்னைத் தேடி வந்தாள். "நீங்கதான அவங்க அம்மா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போது நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். அவள் உள்ளே போனால் குழந்தை என் மடியில். போன வாரம் உன் சித்தி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை அவளைப் பார்த்து டாட்டா காட்டியது, நான் தடுக்கவில்லை.

சித்தப்பா உனக்குப் போன் பண்ணுவார். மீசைக்காரர் காலில் விழச் சொல்லித் தம்பிக்கு நீ புத்தி சொல்ல வேண்டும் என்பார். நீயும் பெரியவர் மனம் நோகக்கூடாது என்று சரி சரி என்று தலையாட்டிவிடாதே. தம்பி செய்தது சரி என்று சொல், பட்டென்று சொல். இந்தக் குடும்பத்தில் என்னைத் தவிர இன்னொருவரும் அதைச் சொன்னார் என்று அவனிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

குட்டியின் காதைக் குளிரில் மூடி வை. எல்லாரும் நன்றாக இருங்கள் கண்ணு.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா