வைரத்துக்குள் சிவப்புப் புள்ளி

அன்புள்ள அத்தானுக்கு,

பேராச்சி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்டு என்னை மும்பைக்கு வேலைக்கு அனுப்பியதை நினைக்காத நாளில்லை.

நேற்று எங்கள் வைரச் சோதனைக்கூடத்தில், ஒரு கல்லில் தெரிந்த சிவப்புப் புள்ளியைத் தூசி என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். மேலாளர் வந்தனா மேடம் சிரித்துவிட்டார். "அது உள்ள இருக்கற கார்னெட்ங்கற செவப்புக் கல்லு, பேராச்சி. நூத்தம்பது கிலோமீட்டர் ஆழத்துல வைரம் உண்டாகறப்பவே மாட்டிண்டது. அங்க என்ன பாறை இருக்குன்னு இத வச்சுத்தான் தெரியும்."

போர்வெல் போடும்போது கல்தூளை உள்ளங்கையில் தேய்த்து அடிப்பாறையைச் சொல்வீர்களே, உங்கள் லாரி எட்டாத ஆழத்துக்கு இந்தப் புள்ளிதான் கல்தூள். வைரம் விற்பவர்களுக்கு அது குறையாம்.

தாராவியில் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. யாராவது வந்தால் இட்லிப் பொடியும், நீங்கள் லாரியில் போடும் சட்டை ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. சட்டையைத் துவைக்க வேண்டாம்.

உங்கள்
பேராச்சி