பஞ்சு அடைத்த ஸ்டெதஸ்கோப்

டாக்டரம்மா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் புது டாக்டர் ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகளை ஸ்பிரிட்டால் துடைத்தார். அந்த வாசனை எழுந்ததும் நீங்கள் அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. நீங்கள் இறந்து ஆறு மாதமாகிறது. அதன் பிறகு சேலத்திலிருந்து மருத்துவ மாணவர்கள் வந்தது இன்றுதான்.

மூட்டுக் காய்ச்சலால் என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருப்பதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றீர்கள். எனக்கு அதுதான் பயம். மாதாமாதம் நீங்கள் கேட்டபோதெல்லாம் "வாங்கலைங்க" என்றே சொன்னேன். பள்ளியை விட்டதற்கும் கணக்கு வரவில்லை என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? பாடத்துக்கு என்னைப் படுக்க வைத்துவிட்டு, மாணவர்கள் வருவதற்குள் உங்கள் ஸ்டெதஸ்கோப்பின் குழாய்க்குள் பஞ்சைத் திணித்தீர்கள். "வெளிய சொல்லீராத கண்ணு. சிரிச்சும் தொலைச்சுராத" என்றீர்கள். எனக்கு அப்போதே சிரிப்பு முட்டியது.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கையகல இடம் மட்டும் திறந்து, உங்கள் ஸ்டெதஸ்கோப்பாலேயே ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னீர்கள். முதல் மாணவர் வைத்த வேகத்திலேயே தலையாட்டினார். "நல்லா கேக்குது மேடம்." அடுத்து வந்த ஐந்து பேருக்கும் நன்றாகவே கேட்டது. ஏழாவதாக வந்த அக்கா மட்டும் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க மேடம்."

"காதுக்கு எண்ணெய் உட்டுட்டு வாம்மா" என்று பின்னாலிருந்து ஒருவர் கிண்டலடித்தார்.

நீங்கள் பஞ்சை உருவி மேசைமேல் வைத்தீர்கள். ஒருவரும் நிமிரவில்லை. "இன்னைக்கு இந்தப் புள்ள ஒருத்திதான் கேட்டிருக்கா" என்றீர்கள். பிறகு என்னை இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பை அந்த அக்காவிடம் கொடுத்தீர்கள். அவர் முகம் மலர்ந்தது. "உருளுதுங்க மேடம்! அடிவாரத்துல இருந்து பஸ்சு மேடேறி வர்ற மாதிரி!"

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொன்ன அந்த ஆறு பேரோடு நானும் ஒருத்தியாக நின்றது எனக்கல்லவா தெரியும்? அவர்கள் போனதும் உங்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மஞ்சக்குட்டை மேட்டுல மூச்சு வாங்கி மூணு எடத்துல நிக்கறனுங்க."

"எத்தனை நாளா சாமி?"

"பள்ளிக்கூடத்த உட்டதே அதனாலதானுங்க."

நீங்கள் திட்டவில்லை. உட்கார்ந்து சென்னைக்குக் கடிதம் எழுதினீர்கள். ஆபரேஷன் முடிந்து வந்து அதே மேட்டை நிற்காமல் ஏறிய அன்று, வழியெல்லாம் உங்களிடம் சொல்லப்போகும் வார்த்தைகளையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

என் நெஞ்சில் அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதனால்தான் இன்றும் என்னைக் கூப்பிட்டார்கள். மாணவர்களில் ஒரு தம்பி ஸ்டெதஸ்கோப்பை வைத்தவுடனே தலையாட்டினார். எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். என் கூச்சம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நானே இடது பக்கம் திரும்பிப் படுத்துச் சொன்னேன்:

"அவசரமில்லைங்க. இன்னொருக்கா கேளுங்க."

அவர் கண்ணை மூடிக் கேட்டார்.