நான் வரைந்த கை

பிப்ரவரி 3

போர்டு எழுதும் எங்கள் கடைக்கு எதிரே, கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரம்மா நின்று போர்டைப் பார்த்தார், அப்படியே திரும்பிவிட்டார்.

நம் போர்டை! நேர் ரோட்டில் பள்ளம் தோண்டியிருப்பதால் மாதா கோவிலுக்குச் சந்து வழியாகப் போகச் சொல்லும் போர்டு. எழுத்து, கடைக்கார ஞானபாய் அக்கா. 'வாங்க' என்று கூப்பிடும் பெரிய கை என்னுடையது. ஒன்பதாவதோடு நின்ற எனக்கு, ரோட்டில் காட்டிச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 4

இன்றும் மூன்று வெள்ளைக்காரர்கள். கையைப் பார்த்ததும் திரும்பி, பள்ளத்து ஓரமாகவே போனார்கள்.

பிப்ரவரி 5

ஒரு வெள்ளைக்காரம்மா பள்ளத்தில் விழுந்துவிட்டார். ஜூஸ் கடை வெள்ளத்துரை அண்ணாச்சி தூக்கி உட்காரவைத்தார். முழங்காலில் ரத்தம். அந்த அம்மா தூரத்தில் நின்ற கணவரைக் கூப்பிட்டார் – உள்ளங்கை வானத்தைப் பார்க்க, விரல்களை மடக்கி மடக்கி.

நாம் அப்படியா கூப்பிடுகிறோம்? உள்ளங்கை கீழேதானே இருக்கும்? என் கையும் அப்படித்தான். அவர்களுக்கு அது 'போ, போ' என்றல்லவா தெரிந்திருக்கும்.

ஐயோ, நானே வெரட்டியிருக்கேனே. இன்னும் ஆறு போர்டு இதே கையோட போகப் போவுது. சொல்லணும். சொன்னா பிரஷ்ஷ வாங்கிருவாங்களோ?

பிப்ரவரி 6

சொல்லவில்லை.

பிப்ரவரி 7

அக்கா முன்னால் நின்று, அந்த அம்மாவைப் போலவே விரலை மடக்கிக் காட்டினேன்.

"ஏளா, லட்டா கேக்க? எங்கிட்ட ஒண்ணுமில்ல, போ" என்றான் ஸ்டிக்கர் வெட்டும் ரெக்சன்.

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவுங்களுக்காவ மாத்திப் போட்டா நம்ம ஊருக்காரன் முழிப்பாம்ளா. அப்ப என்னதான் போடுதது?"

"நடந்து போற ஆளு... பக்கத்துல அம்பு." என் குரல்தானா?

"பொறவென்ன, நீயே வரை. ஆறையும்."

திட்டவில்லை. பிரஷ்ஷை வாங்கவுமில்லை, பெயிண்ட் டப்பாவையும் சேர்த்துக் கொடுத்தார். முத்தாரம்மா தாயே, அக்கா நல்லா இருக்கணும்.

பிப்ரவரி 8

முதலில், ரோட்டில் நிற்கும் போர்டில் கையை நானே அழித்தேன். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. நடக்கும் ஆளுக்குத் தொப்பி வைத்தேன். "கப்பல்காரன் மாதிரியே இருக்கான்" என்றான் ரெக்சன். கேலிதான், ஆனாலும் சந்தோஷம்.

பிப்ரவரி 11

நான்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். போர்டைப் பார்த்தார்கள். மூன்று பேர் நேராகச் சந்துக்குள் போனார்கள். பின்னால் வந்தவர் போர்டைப் பார்க்கவேயில்லை. போட்டோ எடுத்தபடி பள்ளத்துப் பக்கம் நடந்தார். கடையில் அக்கா இல்லை, ரெக்சனும் இல்லை.

ரோட்டுக்கு ஓடினேன். உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை மடக்கினேன்.