மூன்றாவது படியில் சாக்பொடி

மார்ச் 3, திங்கள்

நீரேற்று நிலையத்துப் பத்து டன் கிரேனைப் பாதுகாப்பு ஆய்வாளனாக நான் பார்க்க வேண்டிய நாள் இன்று. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏணி ஏற முடியாது. வழக்கம்போல் தரையில் நின்று பைனாகுலரில் பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கம்பி வடம் சரி, கொக்கி சரி. மாப்பிள்ளைதான் சரியில்லை.

தங்கை புருஷன்தான் அங்கே கிரேன் ஆபரேட்டர். தினமும் வேலை தொடங்குமுன் மேலே ஏறி வடத்தையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் டிக் அடிக்க வேண்டும். புரட்டினேன். போன மாதம் முழுக்க ஒரே மை, ஒரே சாய்வு. தினமும் ஏறி இறங்குகிற கை இவ்வளவு ஒழுங்காகவா இருக்கும்? உட்கார்ந்த இடத்திலேயே அடித்துத் தள்ளியிருக்கிறார்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். "உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்" என்றாள் மனைவி. "தங்கச்சி வாழ்க்கை. பார்த்து."

பார்த்துத்தானே சொல்கிறேன்? பதின்மூன்றாம் தேதி எட்டு டன் மோட்டாரைக் குழியிலிருந்து தூக்கப்போகிறார்கள். சுற்றி ஆறு பேர் நிற்பார்கள். பிரேக் நழுவினால் தங்கச்சி வாழ்க்கையோடு போகுமா?

மார்ச் 5, புதன்

சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபின் ஏணியின் மூன்றாவது படியில் சாக்பீஸைப் பொடித்துத் தூவினேன். ஏறினால் தடம் விழும். ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது எனக்கு இந்த வேலை.

மார்ச் 6

பொடி கலையவில்லை. டிக் இருக்கிறது.

மார்ச் 7

அப்படியே. டிக்.

மார்ச் 8, சனி

கடிதம் தட்டச்சு செய்தேன். 'மேலே ஏறிப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்டு வந்துள்ளார். உரிய விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கி வைக்கப் பரிந்துரைக்கிறேன்.' திங்களன்று அவரிடமே கேட்டுவிட்டு அனுப்பலாம்.

முடித்த கையோடு தங்கை போன். "அண்ணே, நாளைக்குச் சாப்பிட வாங்களேன்." ஏன் திடீரென்று? மோப்பம் பிடித்துவிட்டானா? சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிறானா? வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். நான் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை.

மார்ச் 10, திங்கள்

நேராகவே கேட்டேன். "மூணு நாளா ஏணியில கால் வைக்கல. டிக் மட்டும் எப்படி விழுது?"

"அந்த ஏணியிலயா?" என்றார். "மூணாவது படியில வெல்டு விட்டுப்போச்சு மச்சான். நாலு மாசம் முன்னாடியே உங்களுக்கு எழுதிக் கொடுத்தேனே. நான் அந்தக் கோடி ஏணியிலதான் ஏறுறேன்." கொஞ்சம் யோசித்தார். "அந்த வெள்ளைப் பொடி நீங்கதானா? எறும்பு மருந்துன்னு நினைச்சேன்."

படியைப் பிடித்து அசைத்தேன். ஆடியது. பொடி தூவிய கை அன்றைக்கே ஒரு முறை அசைத்துப் பார்த்திருக்கலாம். அலுவலகத்தில் அவர் கடிதமும் கிடைத்தது, என் அலமாரியில், உறை பிரிக்காமல்.

அப்படியும் மனசு ஆறவில்லை. அந்தக் கோடி ஏணியில் ஏறுவதை யார் பார்த்தது? நாளை நானே ஏறப்போகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் முட்டி முனகியது. மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார், விழுந்தால் தாங்குகிற தூரத்தில்.

வடம் சுற்றும் உருளைக்குப் பக்கத்தில், இரும்பு விட்டத்தில் சாக்பீஸால் தேதிகள். நேற்று, சனி, வெள்ளி என்று மாதக்கணக்காகப் பின்னோக்கிப் போகின்றன. பழையவை பாதி அழிந்திருந்தன. "பார்த்ததும் இங்க எழுதிடுவேன். கீழ போய் உட்கார்ந்துதான் டிக் அடிப்பேன்" என்றார்.

உருளையின் மேல்பக்கத்தை அங்கிருந்துதான் பார்க்க முடியும். கீழே நின்று எந்தப் பைனாகுலரை வைத்தாலும் தெரியாது. இரண்டு வருஷமாக அதையும் சேர்த்துத்தான் 'சரி' என்று எழுதியிருக்கிறேன்.

"நீங்க வழக்கமா எதைப் பார்ப்பீங்க மச்சான்?" கேலியே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெட்கமாக இருந்தது.

மார்ச் 12, புதன்

பதின்மூன்றாம் தேதி மோட்டார் தூக்குவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கால் நன்றாக உள்ள வேறொருவர் வந்து மேலே ஏறிப் பார்க்கட்டும். இதைப்போல் நான் கையெழுத்துப் போட்ட மற்ற பத்து கிரேன்களையும்.

சனிக்கிழமைக் கடிதத்தைத் திறந்தேன். புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை. பெயரையும் பதவியையும் மட்டும் என்னுடையதாக மாற்றி மேலிடத்துக்கு அனுப்பினேன்.