வேலிக் கட்டையில் கழற்றி வைத்த பூ

இன்று காலை "மாமி" என்று யாரோ கூப்பிட்ட சத்தம் கேட்டுக் கேற்றைத் திறக்கப் போனேன். ஆளைக் காணுமுன் மல்லிகை வாசம் வந்தது. வேலிக் கட்டையின் தலையில் ஒரு முழப் பூ வட்டமாகச் சுற்றி வைத்திருந்தது. கேற்றுக்கு அந்தப் பக்கம் உன் மகள் சாந்தி நிற்பது அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது.

மச்சாள், நீ கண்ணை மூடிய பிறகும் அந்தக் கட்டையில் பூ வைக்க ஒருத்தி இருக்கிறாள். ஆனால் நோன்பு தொடங்கியதிலிருந்து நேற்று வரைக்கும் அது வெறுங் கட்டையாகத்தான் நின்றது. ஏன் என்று உனக்கு எழுத வேண்டும். உன்னை விட்டால் இதை நான் வேறு ஆருக்குச் சொல்வது?

அந்தப் பூவின் கதை உனக்குத் தெரியும். என் மனிசன் மௌத்தாகி நான் இத்தா இருந்த காலம். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அலங்காரம் இல்லாமல், அத்தர் பூசாமல், வீட்டை விட்டுப் போகாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். நீ பக்கத்துத் தமிழ் ஊர் பாண்டிருப்பில் இருந்து எங்கள் மருதமுனைக்குத் தைத்த சட்டைகளை எடுத்துக்கொண்டு நடந்து வருவாய். வாசம் கூடாது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குத்தான், வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லவில்லை. நீ கொண்டைப் பூவைக் கழற்றி வேலிக் கட்டையில் வைத்தாய். முகத்துப் பவுடரை முந்தானையால் துடைத்தாய். என் அறை வாசலில் நின்று, பெரிய யோசனையோடு ஒன்று கேட்டாய்.

"இஞ்ச கா, காலையில கருவாடு பொரிச்சனான். அந்த வாசம் பரவாயில்லயா?"

மனிசன் போன பிறகு நான் முதன்முதல் சிரித்தது அப்போதுதான். சிரித்ததற்காக அழுதேன். நீ பக்கத்தில் பாயில் இருந்து என் வெள்ளைச் சேலைக்குக் கரை மடித்துத் தைத்தாய். பாவாடை கட்டின சின்னப்பிள்ளையாகச் சாந்தி உன் மடியில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி வீட்டுக்குள் போவதென்றால் பூவைக் கழற்ற வேண்டும் என்று அன்று அவள் மனதில் பதிந்தது. இத்தா முடிந்து எத்தனையோ வருசம். இன்னும் கழற்றுகிறாள். நானும் திருத்தவில்லை.

இனி அந்த நாற்றத்தைச் சொல்கிறேன்.

ஏதோ ஒரு டிவியில் சைவ ஆட்கள் எடுத்த நகைச்சுவை நாடகமாம். அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போனில் அனுப்பியிருக்கிறார்கள். பேத்தி காட்டினாள். இத்தா இருக்கிற ஒரு பொம்பிளை திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு வாசம் அடிக்கிறாள், உதட்டுக்குச் சாயம் பூசுகிறாள். பொம்பிளைகள் உடுக்கிற கறுப்பு ஹபாயாவைப் போட்டுக்கொண்டு ஒரு ஆம்பிளை கள்ளத்தனமாக உள்ளே வருகிறான். கூடவே சிரிப்புச் சத்தம். ஆட்கள் சிரித்த சிரிப்புக்கூட இல்லை, மெசினில் போட்ட சிரிப்பு. புருசனைக் குழிக்கு அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்த நாட்களை இவன்கள் இப்படித்தான் பார்த்தார்களா? அல்லாஹ்வுக்காக இருந்த இருப்பு அது. சாப்பாட்டில் மயிர் கிடந்தால் வருமே, அப்படி ஒரு அருவருப்பு வந்தது. நான் போனைத் தள்ளிவிட்டுக் கை கழுவினேன்.

அதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் மகன் றமீஸ் வந்தான். முகம் எல்லாம் பெருமை.

"உம்மா, பாருங்க. அவனுகளுக்கு நல்லாக் குடுத்திரிக்கம்."

அவனும் கூட்டாளிமாரும் சேர்ந்து பதிலுக்கு ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவன் பொம்பிளை வேசம். நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு. மற்றவன் அதை அழிக்கிறான், காப்பை உடைக்கிறான், கொண்டைப் பூவைப் பிடுங்குகிறான். பிறகு வெள்ளைச் சேலையைப் போர்த்தி ஆட்டம். கீழே ஆயிரம் பேர் சிரித்திருக்கிறார்களாம்.

மச்சாள், கடலுக்குப் போன உன் மனிசன் இனித் திரும்ப மாட்டார் என்று ஆன அன்று நான் உன் கிணற்றடியில் நின்றேன். உன் பெரியம்மா உன் பொட்டை அழித்ததும் பூவை இழுத்ததும் நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான். அது எங்கள் வழக்கம் இல்லை. சரியா பிழையா என்று நான் கேட்கவும் இல்லை. உன் தோள் நடுங்கியது மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. அதைத்தான் என் வயிற்றில் பிறந்தவன் கூத்தாக்கி வைத்திருந்தான்.

இன்னும் ஒன்று. அந்தச் சேலையின் கரையைப் பார்த்தேன். என் இத்தாவில் நீ மடித்துத் தைத்த தையல். என் அலுமாரியில் இருந்து எடுத்திருக்கிறான்.

திரும்பவும் அந்த அருவருப்பு வந்தது. நாடகத்துக்கு வந்ததைவிடக் கூட.

"இதை ஆருக்குக் குடுத்த?" என்று கேட்டேன்.

"நாடகம் எடுத்தவனுகளுக்கு."

"அவனுகள்ட வீடு தெரியுமா?"

"தெரியா."

"இதை அவனுகள் பாத்திரிப்பானுகளா?"

"அது... தெரியா உம்மா."

"சாந்திட வீடு தெரியுமா?"

போனைத் திருப்பி மடியில் வைத்தான்.

"அவ பாத்திரிப்பா. மறுகா ஒருக்காச் செல்லு, ஆருக்குக் குடுத்த?"

"அப்ப அவங்க எங்கட மார்க்கத்தக் கேவலப்படுத்தினா நாம பேசாம இரிக்கிறதா? ரோசமில்லயா?" என்று எழும்பினான்.

"ரோசம் எனக்கு இரிக்கி. இத்தா இருந்தவள் நான். நீ இல்ல."

அப்போது எனக்கு உன் நினைவு வந்தது. ஒருமுறை டிவியில் ஒருவன் தீமிதிப்பைக் கேலி செய்து கோமாளி ஆடினான் என்று உன் தம்பி கல்லும் கையுமாகக் குதித்தான். நீ தையல் மெசினை நிறுத்தாமல் கேட்டாய். "அவன் கொழும்பில இரிக்கான். நீ எறியிற கல்லு ஆர்ர கூரையில விழப்போகுது?" அவன் கல்லைப் போட்டான். நீ அதை எடுத்துக் கதவு அடிபடாமல் இருக்க முட்டுக் கொடுத்தாய்.

றமீசுக்கு இதைச் சொன்னேன். போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தான். ஆனால் அழித்தால் மட்டும் போய்விடுமா? ஆயிரம் பேர் பார்த்தது பார்த்ததுதான். சாந்தியும் பார்த்திருந்தாள். பெருநாள் சட்டைக்குக் கொடுத்த துணி அவளிடம் கிடந்தது. அவள் வரவில்லை. நானும் துணியைக் கேட்டு ஆள் அனுப்பவில்லை. எந்த முகத்தோடு அனுப்புவது?

மகனைப் பாண்டிருப்புக்குப் போகச் சொன்னேன். படத்தை எப்படி ஊருக்கு முன்னால் போட்டானோ அப்படி வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். போய் வந்தான். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "பிளேன்டீ ஊத்தித் தந்தா. நோன்பெண்டேன். மூடி வெச்சா" என்றான். சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை.

பிறகு நான் இருந்து அந்த டிவிக்காரனுக்கு எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கைதான். பேத்தி சர்வகலாசாலைக்குப் போகிறவள், "நான் திருத்தித் தாறன் உம்மம்மா" என்றாள். வேண்டாம் என்றேன். என் இத்தாவை என் எழுத்திலேயே அவன் படிக்கட்டும். அந்த அறையில் என்ன நடந்தது என்று எழுதினேன். யார் வந்தார்கள் என்றும் எழுதினேன்: பூவைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சைவப் பொம்பிளை வந்தாள், என் அறைக்கு வெளி ஆள் வந்ததென்றால் அவள்தான் வந்தாள் என்று. நீ காட்டியது பொய், அதை எடுத்துவிடு என்று முடித்தேன். பதில் வரவில்லை. வரும் என்று நான் பார்த்துக்கொண்டும் இல்லை. அவன் வாயில் இருந்து வந்த அழுக்கை அவனிடம் காட்டினேன், அவ்வளவுதான். என் அருவருப்பு குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் எனக்கு இல்லை.

இன்று காலை சாந்தி தைத்த சட்டைகளோடு நின்றாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்ற நிலை அப்படியே நீதான்.

"வர மனமில்லாமத்தான் இருந்தன் மாமி," என்றாள். "பெருநாளைக்குப் புள்ளையள் என்னத்தை உடுக்கும் எண்டு நினைச்சன்."

கட்டையில் இருந்த பூவை எடுத்தேன். "திரும்பு மகள்" என்றேன். அவள் கொண்டையில் நானே வைத்துவிட்டேன்.

"இந்த வீட்டுக்க பூவோட வரக்கூடாதெண்டு அம்மா..."

"ஓம். இத்தா எப்பவோ முடிஞ்சி. இனிப் பூவோட வா."

அவள் பூவோடு உள்ளே வந்தாள். றமீஸ் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான்.

அந்த வெள்ளைச் சேலையை மூன்று முறை துவைத்துவிட்டேன். அவன்கள் பொட்டுக்குப் பூசின சிவப்பு, நீ தைத்த கரைக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. எறிந்துவிடுங்கள் என்று மகன் கெஞ்சுகிறான். எறிய மாட்டேன். அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். அலுமாரியைத் திறக்கிறவன் பார்க்கட்டும்.

இதை எழுதுகிற விரலில் உன் மகளின் பூ வாசம். லுஹர் தொழுகைக்கு உளூச் செய்து கை கழுவியபோதும் போகவில்லை.